பந்திக்கு முந்திய கச்சேரி

இனி இந்த வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று போன ஆவணியில் முடிவெடுத்தேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி ஜெயசித்ராவும்தான். எனவே யாரோடு என்று விளக்க வேண்டியதில்லை.

காரணம் அவள் தம்பி இசக்கிராஜா. மகள் கல்யாண வரவேற்புக்குச் சங்கரன்கோவிலிலேயே மண்டபம் பிடித்தவன், பாட்டுக்கு மட்டும் திருநெல்வேலியிலிருந்து இன்னிசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தான். நான் யார்? பகலில் நூல் கடை மேனேஜர். சாயங்காலம் ஆனால் கிட்டார் கலைஞன். சொந்த அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெயசித்ராவிடம் நியாயம் கேட்டேன். வந்த ஜனம் சந்தோஷமாகத் திரும்ப வேண்டும் என்று தம்பி நினைப்பதாகச் சொன்னாள். அதோடு விட்டாளா?

"கிட்டார்னா கிட்ட ஆரும் வரமாட்டாங்கன்னுதான அர்த்தம்" என்றாள்.

ஏற்கெனவே என்னை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டவள் அவள். அங்கே வாசிக்கும்போது அடுத்த வீட்டு மெஹர்பானு படாரென்று ஜன்னலைச் சாத்துவாள். இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

வரவேற்புக்குக் கிட்டாரோடு போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து மடியில் நிறுத்திக்கொண்டேன். பார்க்கிறவன் கேட்கட்டும், அநியாயம் ஊருக்குத் தெரியட்டும் என்று. ஒருவனும் கேட்கவில்லை. எல்லாரும் பாட்டுக் கேட்டார்கள். அந்தக் குழு நன்றாகவே பாடித் தொலைத்தது. ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஜெயசித்ரா வேர்த்து விறுவிறுத்து வந்தாள். பின்னால் இசக்கிராஜா. நான் மேடையேறித் தனியாக வாசிக்க வேண்டுமாம்.

சும்மா ஏறுவேனா? முதலில் மன்னிப்பு என்றேன். இசக்கிராஜா என் இரண்டு கையையும் பிடித்து, "தப்புதான் அத்தான்" என்றான். பாட்டுக்காரர்கள் கீழே இறங்க வேண்டும், சவுண்டு முழுசாக வைக்க வேண்டும் என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஜெயசித்ரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோபக்காரனுக்குச் சந்தேகம் எங்கே வருகிறது?

வாசித்தேன். மொட்டை மாடியில் அடக்கி வைத்த ஆத்திரம் அத்தனையும் கம்பிகளில் இறங்கியது. ஒரு கம்பி அறுந்தது. நான் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வந்து கண்ணைத் திறந்தேன்.

எதிரே நாற்காலிகள். வெறும் நாற்காலிகள். பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். அவர்களால் எழுந்து போக முடியாது.

கிட்டாரும் கையுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் பாய்ந்தேன். ஒரு இலை காலியில்லை. ஜெயசித்ரா அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு முன்னால என் மானத்தை வாங்கிட்டியே" என்றேன், பேசுவதில்லை என்ற முடிவை மறந்து.

"எதுக்குக் கோவப்படுதிய? அந்தப் பாட்டுக்காரங்க ஒரு ஆளை எந்திரிக்க விடல. சோறு ஆறிப்போவுது, சமையக்காரர் சத்தம் போடுதாரு. தம்பி ஒவ்வொருத்தரா கெஞ்சிப் பாத்தான், யாரும் அசையல. நீங்க தந்தியத் தொட்டிய, பந்தி நெறஞ்சிட்டு."

"நல்ல கிட்டார்காரன்னா சனம் அசையாம உக்காந்து கேக்கணும், தெரியுமா?"

"அது எல்லாரும் செய்யுததுதான. அசையாத சனத்தை அசைச்சது நீங்க ஒருத்தருதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

நானும் அவள் பின்னாலேயே அடுத்த இலைக்குப் போனபோது தலைமைச் சமையல்காரர் மாரிச்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரொம்ப மரியாதையாக, அடுத்த முகூர்த்தத்தில் புளியங்குடியில் ஒரு கல்யாணம், அண்ணாச்சி அவசியம் வந்து வாசிக்க வேண்டும் என்றார்.

என் கோபம் அந்த இடத்திலேயே பாதி இறங்கியது. வெளியூர் அழைப்பு! ஜெயசித்ராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கலைஞனுக்குரிய கனத்தோடு, எத்தனை மணிக்கு நான் மேடையேற வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

பதில் அவளிடமிருந்து வந்தது.

"நான் அப்பவே சரின்னு சொல்லிட்டேன். இலை போட்டதும் ஆரம்பிச்சாப் போதுமாம்."