ஓட்டைக் குக்கருக்குள் ஒரு கண்ணாடி

மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆனந்தமாக இருப்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. அவள் பெட்டி கட்டும்போதே திரும்பும் தேதியைக் கேட்டு நச்சரிப்பேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. உதவிக்கு மகள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எப்ப திரும்புவே?"

"போயிட்டுச் சொல்றேன்."

அவளைச் சீக்கிரம் வரவைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் மளிகைக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மூட்டைக்குப் பின்னால் மூட்டை மறைவதை முதலாளி 'இருப்பு' என்பார். சோதனைக்கு வரும் அதிகாரி 'பதுக்கல்' என்பார். என் மனைவி 'திருட்டுத்தனம்' என்பாள். கிடங்கு எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான். பதுக்கிய இடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. எட்டிப் பார்க்கிறவன்தான் மாட்டுவான்.

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பரணில் கிடந்த ஓட்டைக் குக்கருக்குள் போட்டு மூடினேன். அது இல்லாமல் வெளியே போனால் எதிரே வருவது மாடா மாமாவா என்று அவளுக்குத் தெரியாது. கிளம்புகிற அவசரத்தில் அவள் அதைத் தேடவே இல்லை. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் போன் வந்தது.

"ஏங்க, என் கண்ணாடியப் பாத்தீங்களா?"

"இல்லையே! நீயே வந்து தேடினாத்தான் கிடைக்கும்."

"பரண்ல, பாத்திரத்துல நல்லாத் தேடுங்களேன்."

"கண்ணாடி ஏன் பாத்திரத்துக்குள்ள போகுது?"

"அதானே, அதுக்கென்ன காலா இருக்கு?" சிரித்தாள்.

நான் அசையவில்லை. தொழில் தர்மம். அவள் தலையணையை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டு, இரண்டையும் நானே குடித்தேன். குழாய் சொட்டுவதுகூடப் பேச்சுத்துணையாகிவிட்டது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாளுக்கு மேல் தாங்கவில்லை. தர்மமாவது ஒன்றாவது! பரணில் ஏறிக் குக்கரைத் திறந்தேன். கண்ணாடியைக் காணோம். என் பெயருக்கு ஒரு ரயில் டிக்கெட் இருந்தது.

"கண்ணாடி எங்கடி?" என்றேன் போனில்.

"என் மூக்கு மேல. நீங்க பரண்லேர்ந்து இறங்கினப்பவே பாத்துட்டேன். ஆசை தாங்காம மறுபடி ஏறுவீங்கன்னு டிக்கெட்ட வச்சேன்."

"இப்பவே கிளம்பறேன்!"

"தேதியப் பாருங்க."

பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கு இங்க ஸ்டேஷனுக்கு வந்தேங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பெட்டியா உங்களைத் தேடினேன்."