எரியாத சிவப்பு விளக்கு

பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் தப்பு. இது கார் இல்லாதவர்களுக்கும் தெரிந்த சட்டம். எங்கள் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் இருக்கிற யாரைக் கேட்டாலும், வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நானும் அந்தச் சட்டத்தை நம்பியவள்தான். அதை நம்பிக்கொண்டு ஒரு நாள் அரை மணி நேரம் மகாராணி மாதிரி காரில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மூன்று வருடம் இருக்கும். என் மகன் மோகன் புதுக் கார் வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. வெண்ணந்தூரிலிருந்து திருச்செங்கோட்டுக்கு, சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். மருமகள் முந்தின நாளே போய்விட்டாள். அதனால் முன் இருக்கை எனக்கு. (அவள் இருந்தால் எனக்குப் பின் இருக்கைதான். அந்தக் கதை இப்போது வேண்டாம்.) மோகன் ஏசி போட்டான். நான் கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

"வெயிலுங்கம்மா, உள்ள சில்லுனு இருக்கட்டும்" என்றான்.

"எனக்குக் காத்து வேணும் சாமி" என்றேன்.

காற்றுக்காக இல்லை. கண்ணாடி ஏறியிருந்தால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கம்பி உண்டு. எங்கே வண்டியை நிறுத்தினாலும் மோகன் அதைப் பிடித்து மேலே இழுப்பான். நான் இருபது நாளாகக் கவனித்து வைத்திருந்தேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், பஸ் நிற்கும். காரில் அதற்குப் பதில் இந்தக் கம்பி என்று முடிவு செய்திருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகவே கண்டுபிடித்தது. (அந்தப் பெருமை வேறு.)

மல்லசமுத்திரம் தாண்டியதும் ஒரு பஸ் ஸ்டாப். அங்கே கையில் பையோடு சரசு நின்றுகொண்டிருந்தாள். சரசு என் கொழுந்தனாரின் மனைவி. பாகம் பிரித்த பிறகு அந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு போனவள். அவளும் அதே காதுகுத்துக்குத்தான் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பத்து வருடம் முன்னால் இதே சரசு தன் தம்பியின் காரில், முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். நிறுத்தவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. நான் நிறுத்துவேன். நிறுத்தி, "ஏறிக்க சரசு, பின்னால எடம் இருக்குது" என்று சொல்லுவேன். அந்தப் 'பின்னால'வைக் கொஞ்சம் அழுத்தியும் சொல்லுவேன்.

"சாமி, நிறுத்து, உங்க சித்தி நிக்கிறா" என்றேன்.

"பின்னால வண்டி வருதுங்கம்மா. கொஞ்சம் தள்ளிப் போய் ஓரங்கட்டறேன்."

தள்ளிப் போய் நிறுத்தினால் நான் உட்கார்ந்திருப்பதை அவள் எப்படிப் பார்ப்பாள்? பஸ் ஸ்டாப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் கம்பியைப் பிடித்தேன். இழுத்தேன்.

மணி அடிக்கவில்லை. டயர்தான் 'கிரீச்' என்று கத்தியது. என் நெற்றி முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் பின்னால் 'டொம்'.

யாருக்கும் அடியில்லை. எங்கள் பம்பர் உள்ளே போயிருந்தது. பின்னால் வந்த காரின் முன்விளக்கு உடைந்திருந்தது. அதிலிருந்து இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். மோகன் என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், அதைக் கீழே இறக்கிவிட்டு இறங்கினான். டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சரசுதான் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் நெற்றியைத் தடவி, "அக்கா, அடி கிடி பட்டுதா?" என்றாள். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"ரோட்டுல நாய் வந்துருச்சுங்க, அதான் பிரேக் போட்டேன்" என்றான் மோகன். அம்மாவைக் காப்பாற்றுகிறானாம். அங்கே நாயே இல்லை.

"ஆமாமா, செவலை நாய். நான் பாத்தேன்" என்றார் ஒருவர்.

"செவலையா? கருப்புங்க!" என்றார் இன்னொருவர்.

"பின்னால வந்ததுதான் தப்பு, நாய் எந்த நெறமா இருந்தா என்ன?" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார்.

அந்தப் பெண் மட்டும் ஒரே பேச்சில் நின்றாள். "பிரேக் போட்டா பின்னால சிவப்பு லைட்டு எரியோணுமில்லீங்களா? எரியவே இல்லீங்க. எரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

கூட்டத்தில் போர்வெல் போடுகிற ரிக் லாரியின் டிரைவர் ஒருவர் இருந்தார். "தம்பி, ஏறி பிரேக்கை மிதிங்க" என்றார். மோகன் மிதித்தான். பின்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. கூட்டம் சிரித்தது. "பொம்பளப் புள்ளைக கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு குரல். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் அவளுடைய அப்பா மொபெட்டில் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊர்தான். அந்தப் பெண்ணுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு காலேஜில் வேலை. நேரத்துக்குப் போக பஸ் கிடையாது. மாசக்கணக்கில் சண்டை போட்டு, நாலு நாளாகத்தான் அப்பா காரைக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் அவர் போட்ட சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு நாளு தாங்குனியா? சாவியக் குடு. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டுல இரு."

அவள் சாவியைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். இரண்டு கையையும் கூப்பினார். "பெரியவங்க நீங்க. புள்ள தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சுக்கோணும்."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை. அதைக்கூட நான் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன், உண்மையைச் சொல்லுகிறேன். ஆனால் அந்தப் பெண் எங்கள் காருக்குப் பின்னால் போய் நின்றாள். அணைந்திருந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தனக்குள்ளேயே மெதுவாக, "எரிஞ்சுதான் இருக்குமோ? நான்தான் பாக்கலையோ?" என்றாள்.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. சாவியைப் பிடுங்கியது அவள் அப்பா. அவள் கண்ணால் பார்த்ததைப் பிடுங்கியது நான்.

கதவைத் திறந்து இறங்கினேன். "கண்ணு, நீ பாத்தது சரிதான். லைட்டு எரியலை. நாயும் வரலை. நான்தான் அந்தக் கம்பியைப் புடிச்சு இழுத்துட்டேன்."

"ஹேண்ட் பிரேக்கையா?" என்றார் லாரி டிரைவர். ஓடிப்போய் உள்ளே எட்டி அதை இழுத்துப் பார்த்தார். பின்விளக்கு எரியவில்லை. "அடக் கொடுமையே! இதுக்கு லைட்டு எரியாதுங்களே! ஏனுங்கம்மா, எதுக்குங்க இழுத்தீங்க?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சரசுவும் பக்கத்தில் நின்றாள். பொய் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "நான் முன்னால உக்காந்து போறதை இவ பாக்கட்டும்னு" என்றேன்.

அப்புறம் கூட்டம் சிரித்த சிரிப்பு அந்த ஊர் எல்லை தாண்டிக் கேட்டிருக்கும். அந்தப் பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நானும் கொஞ்சம் ஒட்டித்தானுங்க வந்தேன். இன்னும் தள்ளி வந்திருந்தா நின்னிருக்கும்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். ஒருவர் ஒத்துக்கொண்டால் அடுத்தவருக்கும் வாய் வருகிறது. அவளுடைய அப்பா சட்டைப்பையில் கையை விட்டார். சாவியை எடுத்து அவளிடமே நீட்டினார். "பாத்துப் போ" என்றார்.

எங்கள் காரில் மோகன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "சித்தி, நீங்க முன்னால உக்காருங்க" என்றான். நான் பின்னால் ஏறினேன். திருச்செங்கோடு போய்ச் சேருகிற வரைக்கும் சரசு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்தப் பெண் இன்றும் அதே ரோட்டில் வேலைக்குக் காரில் போய்வருகிறாள். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் சரசு ஆரம்பித்துவிடுவாள்: "எங்கக்காளைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒரே இழுப்புல ரண்டு காரை நிறுத்துனவங்க!" புதிதாக வந்த மருமகள்கள்கூட இப்போது கைதட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கதையில் ஒன்று விடாமல் சொல்லுவாள், ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, அதை நானே சொல்லுவேன்:

"இழுத்தது நான்னு யாரும் கண்டுபிடிக்கலை. நானாத்தான் எறங்கிச் சொன்னேன்."