எஞ்சினுக்கு ஒரு பங்கு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்க்கும் என் அருமை மருமகன் நிப்றாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் மாமியும் நலம். எஞ்சின்தான் படுக்கையில்.

அரசாங்க உத்தியோகத்தை விட்டு முதலாளியாகுங்கள் என்று சென்ற மாதம் நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை உடனே அழித்துவிடுங்கள். அது ஆணவத்தில் சொன்னது. நீங்கள் அதை நம்பி இராஜினாமாக் கடிதம் எழுதி மேசை லாச்சியில் வைத்திருப்பதாக என் தங்கை, உங்கள் உம்மா, அழுகிறார்.

நடந்ததைக் கேளுங்கள். முப்பத்திரண்டு வருடம் கோப்புத் தூக்கி ஓய்வுபெற்ற எனக்குப் பணிக்கொடை கிடைத்ததும் மீன்பிடிக்கிற குறிஞ்சாக்கேணி ஜவாஹிர் வந்தார். அவரிடம் வள்ளம் இருந்தது, எஞ்சின் இல்லை. "கடலுக்குப் போறது மூணு பேர், பிடிக்கிற மீனுல பங்கு அஞ்சு, நானா. வள்ளத்துக்கு ஒண்டு, எஞ்சினுக்கு ஒண்டு. நீங்க வீட்டுல சும்மா இருங்க, எஞ்சின் உழைக்கும்" என்றார். இத்தனை வருடம் மனிதனாக உழைத்ததற்குப் பதில் எஞ்சினாகப் பிறந்திருக்கலாமே என்று மயங்கி வாங்கிக் கொடுத்தேன். பதினொரு நாள் கதிரையில் கால் நீட்டிப் பங்கு வாங்கினேன் மகன், அந்த ருசியை என்னவென்று சொல்வேன், பக்கத்து வீட்டார் ஸலாம் சொல்லும் குரல்கூட மாறிவிட்டது. பன்னிரண்டாம் நாள் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. கந்தோரில் எனக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் சேர்ட்டிபிகேட் அனுப்பிவிட்டுப் படுப்பேன், சம்பளம் இருபத்தைந்தாம் திகதி தவறாமல் வரும். எஞ்சினுக்கு ஏது மெடிக்கல்? அது படுத்தால் பங்கும் படுக்கிறது, வைத்தியச் செலவும் என் தலையில். ஜவாஹிர் வேறு ஆளின் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார். நான் இதை ஓட்டோவில் பக்கத்தில் இருத்திக்கொண்டு மெக்கானிக் தேடி அலைகிறேன். மாமி குசினியிலிருந்து கேட்டார்: "எனக்கு இடுப்பு நோவு வந்த நேரம் பஸ்ஸிலதானே கூட்டிப் போனீங்க. இந்த இரும்புக்கு மட்டும் ஓட்டோவா?"

ஆகவே மகன், சம்பளம்தான் மானம். அது மாதம் ஒருமுறை தானாக வருகிறது, உதிரிப்பாகம் கேட்பதில்லை. இராஜினாமாவைக் கிழித்து எறியுங்கள். எஞ்சினை வந்த விலைக்கு விற்கப்போகிறேன். உங்கள் ஆயுளிலும் உத்தியோகத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
முதலாளி ஆசையை விட்ட மாமா,
ஸெய்னுதீன்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் எஞ்சின் சுகமாகிவிட்டது. ஜவாஹிர் அதையே திரும்பப் பூட்டிக்கொண்டு போக, நேற்று கீரிமீன் அள்ளிக் கொட்டியதாம். இரண்டாவது எஞ்சின் வாங்க வங்கியில் கடன் கேட்டேன். முதலாளியின் கையெழுத்து மட்டும் போதாதாம், நிரந்தரச் சம்பளம் எடுக்கும் அரச ஊழியர் ஒருவர் பிணை நிற்க வேண்டுமாம். படிவம் இத்துடன் உள்ளது. நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். கடன் ஐந்து வருடத்துக்கு. அதுவரை உத்தியோகத்தை விடுகிற கதையே வேண்டாம்.