ஊதாவுக்கு ஊதா

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது. இங்கே நானும் மின்விசிறியும் சுகம், இரண்டு பேரும் முனகிக்கொண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே.

உங்கள் அண்ணன் வாசித்த சாமான்களை ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றிப் போவதாகவும், வாங்குகிறவர் சத்தம் கேட்டுத்தான் எடுப்பார், ஓட்டிப் பார்த்து வைங்க அண்ணி என்றும் போனில் சொன்னீர்கள். சரி, ஆளே போனபிறகு சாமான் எதற்கு, அறையாவது காலியாகட்டும் என்று நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். கீபோர்டு இரண்டு, தட்டி வாசிக்கிற டிரம் பேடு ஒன்று, எல்லாவற்றையும் சேர்க்கிற மிக்சர், பெரிசாக்குகிற ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர். ஒயர் மட்டும் ஒரு அண்டா நிறைய. எதை முதலில் போடுவதென்று தெரியாமல் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, குமிழையெல்லாம் கடைசிவரைக்கும் திருகி, ஒரு ஒயரைச் செருகினேனோ இல்லையோ, டொம் என்று ஒரு சத்தம், எதிர்மாடிப் புறாக்கள் பறந்துபோய்ப் பாதி இன்னும் திரும்பவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரி கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள்.

“என்னக்கா வெடிச்சுது?”

“எங்க வீட்டுக்காரர்தான்.”

“இருந்தப்ப இவ்வளவு சத்தமா பேசினதில்லையே” என்றவள், ஒயர் நுனியில் கட்டியிருந்த துணியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “இது நான் தச்ச ஊதா ரவிக்கையோட மீதித் துணி. நான் எடுத்துக்கிட்டேன்னு படியில நின்னு தெருவையே கூட்டினீங்களே.”

கூட்டினேன் தம்பி. ஐந்து வருஷம் அவளிடம் ஒரு கொக்கிகூடத் தைக்கக் கொடுக்கவில்லை. அன்றைக்கு உங்கள் அண்ணன் பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒயரில் கட்டிய துணியையே மிக்சரின் துளைக்குப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார். ஊதாவுக்கு ஊதா. பச்சைக்குப் பச்சை, அது என் நல்ல புடவையின் முந்தானை, எலி கடித்துவிட்டது என்று எலிப்பொறிகூட வாங்கிவந்து வைத்த மனுஷன். டிரம் பேடுக்கு என் தலையணை உறை. மிக்சரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஒயரில் மட்டும் அவர் சட்டைத்துணி.

துணிக்குத் துணி பார்த்துச் செருகிவிட்டு, இந்தத் தடவை மெள்ளத் திருகினோம். தையல்காரி எதையோ அமுக்கினாள். அவர் உள்ளே பதிந்துவைத்திருந்த பாட்டு, கட்டையைத் தொட ஆளில்லாமல் தானாகவே கிளம்பியது. வெயில் தரையில் ஊர்ந்து கட்டில்கால் வரைக்கும் வந்தது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தோம். ஓரிடத்தில் அவர் எப்போதும் தப்பாக வாசிப்பார், நான் அடுக்களையிலிருந்து “தப்பு” என்பேன். நேற்றும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாட்டு காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவரும் அப்படித்தான்.

ஆகையால் எல்லாம் ஓடுகிறது. வண்டியோடு வாருங்கள். வாங்குகிறவருக்கு என் துணி எதற்கு, அவிழ்த்து வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் நன்றாக வளரட்டும், உங்கள் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு.: ஊதா முடிச்சு அவிழவில்லை. தையல்காரி கத்தரிக்கோல் கொண்டுவந்தாள், நான் விடவில்லை. ஒயரையெல்லாம் எலி கடித்துவிட்டது என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே வாருங்கள்.