சிப்பமாய் வாங்குகிறவர்

வாசகர்களே, நம் டெல்டாவில் நெல்லுக்கு அடுத்தபடியாக அமோகமாக விளையும் ஓர் இனம் உண்டு. சிப்பமாய் வாங்குகிறவர். கால் கிலோ என்ற அளவே இவர் காதில் விழாது. "மொத்தமா எடுத்தா கொறையுமா?" என்று கேட்காமல் கோயில் வாசலில் சூடம்கூட வாங்க மாட்டார்.

ஒரத்தநாட்டில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருக்கும் இராஜாங்கத்தைப் பாருங்கள். அப்பா பண்ணைக் கூலி. அந்திக்கு அந்தி கொட்டைப்பாக்களவு புளி வாங்கிக் குழம்பு வைத்த குடும்பம். அந்த உருண்டையைப் பார்த்துப் பார்த்துக் கலங்கி வளர்ந்தவர், உத்தியோகம் கிடைத்த அன்றே சபதம் செய்தார்: இனி என் வீட்டில் எதுவும் தீரக் கூடாது.

தீரவில்லை. நான்கு மூட்டைப் புளி, கடையைக் காலி செய்தவரிடம் ஒட்டுமொத்தமாக எடுத்த அரிக்கேன் விளக்குக் கண்ணாடிகள் (வீட்டுக்குக் கரண்டு வந்து ஆறு வருஷமாகிறது), தேர்தலில் தோற்ற வேட்பாளர் வீட்டில் சல்லிசாகக் கிடைத்த கரைவேட்டிக் கட்டு என்று எல்லாம் உள்ளறையில் உத்தரம் வரை ஏறிவிட்டன. ஜெயித்தவர்கள் நடமாடும் தெருவில் அந்த வேட்டியை எப்படிக் கட்டுவது? அடுத்த தேர்தலுக்கு ஆகுமாம்.

"நெலத்துக்கு உச்சவரம்பு போட்டாங்க. சாமானுக்கு ஒண்ணு போட்டாங்களா?" என்பாள் மனைவி தங்கம்மாள்.

அந்த அறை இப்போது வேண்டும். மகள் அம்சம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். கூடவே வரும் மாமியார் ராமாயி, இடம் வசதியில்லையென்றால் மருமகளைக் கையோடு திருப்பி அழைத்துப் போவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"வெள்ளிக்கிழம வந்துரும் புள்ள. ரூம ஒழிச்சுக் குடுங்க."

"எதத் தூக்கிப் போடச் சொல்ற? எல்லாம் ஒரு நாளைக்கு வேணுங்கிற சாமான்."

"அப்ப ஒங்க மகள எந்த மூட்டை மேல படுக்க வைக்கிறது?"

இராஜாங்கத்துக்குக் கண் கலங்கியது. ஒரு மூட்டையைத் தூக்கினார். முகர்ந்தார். திரும்ப வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராமாயி தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே உள்ளறைக்குப் போனாள். மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னாலேயே வந்த இராஜாங்கத்திடம் திரும்பினாள்.

"சம்பந்தி, இது போன வருசத்துப் புளிங்களா?"

"ஆமாங்க."

"மொத்தமா எடுத்தா கொறைப்பீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் இரண்டு ஆத்மாக்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. புளியும் கண்ணாடியும் வேட்டிக் கட்டும் வந்த வேனிலேயே ஏறிப் போயின. அம்சம் காலி அறையில் கால் நீட்டிப் படுத்தாள். பேரன் பிறந்தான்.

ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவிடக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. 'மாமா, எங்கள் அறையை அம்மா நிரப்பிவிட்டார்கள். நானே மாட்டுக் கொட்டகையில் படுக்கிறேன். கொஞ்சம் புளி தீரட்டும், சித்திரையில் அழைத்து வாருங்கள்.'

சிரித்தது போதும். உங்கள் கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பாருங்கள். கை உள்ளே போகவில்லையென்றால், வீட்டுக்கு யாரும் பிரசவத்துக்கு வருமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். விலை மட்டும் படியட்டும், அத்தனையையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.