மேஜர் தோமானும் இயற்கை அன்பர் மூவரும்

மனிதன் இயற்கையை எவ்வளவு நேசிக்கிறான் என்று அறிய விரும்புவோர் காடு மலை ஏறிச் சிரமப்பட வேண்டாம். ஜார்ஜ் டவுனில் லோகேஸ்வரன் வீட்டுக்கு லிஃப்டில் ஒன்பது மாடி ஏறினால் போதும்.

லோகேஸ்வரன், 'பினாங்கு வேட்டை மீன் அன்பர்கள் சங்க'த்தின் தலைவர். சுப்பையாவாகிய நான் செயலாளர். சாதிக் பாய் பொருளாளர். அவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடையில்தான் எங்கள் பொதுக்குழு கூடும். மற்ற பதவிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சங்கத்தின் பெருமை ஒரு தோமான். விரால் இனம்தான், ஆனால் விராலையே விழுங்கி ஏப்பம் விடக்கூடியது. பாலத்துக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு வாய்க்காலில் தலைவரே தூண்டில் போட்டுப் பிடித்தார். கடையில் விற்கும் மீன்களை அவர் மதிப்பதில்லை. "இது ஒரிஜினல் காட்டு மீன் லா!" என்பார். அதற்கு 'மேஜர்' என்று பெயர் சூட்டினோம்.

முழங்கை நீளத்தில் வந்த மேஜர் இரண்டே ஆண்டில் இரண்டரை அடி ஆனார். தொட்டி ஆறடி ஆயிற்று. சோபா மாமியார் வீட்டுக்குப் போனது. சாப்பாட்டு மேசை பக்கத்து வீட்டுக்குப் போனது. தலைவரின் மனைவி காமினி, பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் கலையில் தேர்ச்சி பெற்றார்.

ஒருநாள் கண்ணாடியைத் துடைக்கும்போது மேஜர் தலைவரின் விரலைக் கவ்விவிட்டார். நான்கு தையல். தலைவர் கட்டுப் போட்ட விரலைப் பதக்கம்போலத் தூக்கிக்கொண்டு பொதுக்குழுவுக்கு வந்தார்.

"பாத்தீங்களா? என்னைய அடையாளம் கண்டுக்கிட்டான்!"

"அது பசி லா," என்றார் சாதிக் பாய். "பேசாம எங்கிட்ட கொடுங்க தம்பி. தலைய மட்டும் கறி வெச்சா..."

பொருளாளரின் கருத்து குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

பிறகு மேஜர் சாப்பாட்டை நிறுத்தினார். உயிர்மீன், இறால், கோழி ஈரல் எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப இடமும் குறைவு. நாளெல்லாம் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்து வெளுத்துவிட்டது.

"தியானம் பண்றான்," என்றார் தலைவர்.

"தியானம் பண்றவங்க செவுத்துல போய் முட்டுவாங்களா?" என்று கேட்டார் காமினி. "பாவம்ங்க. கொண்டுபோய் விட்டுருங்க."

"உனக்கு இயற்கையப் பத்தி ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியாத காமினி பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் காலை, தலைவர் வேலைக்குப் போனதும், தாம் லீவு போட்டார். அரைமணி நேரம் போராடி மேஜரைப் பிடித்து ஈரச் சாக்கில் சுற்றினார். தோமான் காற்றை விழுங்கியும் உயிர் வாழும் என்று எங்கோ படித்து வைத்திருக்கிறார். காரில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து, மேஜர் பிடிபட்ட வாய்க்காலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அன்று மாலையே அவசரப் பொதுக்குழு. குற்றச்சாட்டு: 'ஆள் கடத்தல்'. காமினி நேரில் ஆஜரானார்.

"பிள்ளை மாதிரி வளத்தேன்! வீட்ட விட்டு எப்படி நீ தூக்கிட்டுப் போகலாம்?" தலைவரின் குரல் உடைந்தது.

"அதோட வீட்டுலேர்ந்து நீங்க தூக்கிட்டு வந்தப்போ யாரைக் கேட்டீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் 'தேநீர் இடைவேளை' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர், காமினி, நான் மூவரும் மேஜரைப் பார்க்கப் போனோம். வாய்க்கால் கரையில் வெகுநேரம் காத்திருந்தோம். திடீரென்று தண்ணீர் பிளந்தது. கறுத்த தலை, மூக்கில் வெள்ளைத் தழும்பு. மேஜர் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, ஒரே வீச்சில் அக்கரைக்குப் பாய்ந்து சிறுமீன் கூட்டத்தைச் சிதறடித்தார்.

"மேஜர்! டேய் மேஜர்!"

மேஜர் திரும்பவில்லை. தலைவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "வீட்டுல ஒருநாள்கூட இப்படி நீந்தலையே, காமினி."

"எங்கங்க நீந்துறது, பாவம்," என்று காமினி அவர் தோளில் கை வைத்தார். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் அந்த நிமிடத்தில் கலைந்துபோயிருக்கும். அவ்வளவு ஆபத்தான நிமிடம் அது.

நல்லவேளை, நாணல் ஓரம் இன்னொரு தலை எழும்பியது. இளம் தோமான், உடம்பெல்லாம் நீலமும் கறுப்பும் மின்னின. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்று என் காதருகே குனிந்தார், "இவன் அவனவிட அழகா இருக்கான்ல?"

தலைவரின் உணர்வை மதித்து நான் சத்தமில்லாமல் காரை நோக்கி நடந்தேன். பின்கதவைத் திறந்ததும் பின்னாலேயே காமினி வந்து நின்றார்.

"அண்ணே, சும்மா பாத்துட்டு வரத்தானே வந்தோம்? வலை எதுக்கு?"

நான் பணிவோடு விளக்கினேன்: அன்புள்ளவர்கள் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போவதில்லை.