கோமளவல்லி முன்வரிசையில் உட்கார்ந்த கதை

ஒரு காட்டில் தண்ணீர் குடிப்பதற்குக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது.

புலி ராஜா போட்ட உத்தரவு அது. மடுவைச் சுற்றி மூங்கில் வேலி அடித்து, வாசலில் ஒரு கருவியை வைத்தார்கள். விரலை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், படல் திறக்கும். கரடிக்குத் திறந்தது. குரங்குக்குத் திறந்தது. குளம்புள்ள பிராணிகளுக்கு மட்டும், "ரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. மலைப்பாம்பு வந்தபோது கவுன்டரில் இருந்த உடும்பு, விரலே இல்லை என்று மருத்துவரிடம் சான்றிதழ் எழுதி வாங்கி, அதில் கைரேகை வைத்துக் கொண்டுவரச் சொன்னது.

அந்தக் காட்டில் கோமளவல்லி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பெயருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூக்குக்கு மேல் கோபம். வரிசையில் யாராவது இடித்தால் போதும், முதுகு முழுக்கச் சிலிர்த்துக்கொள்ளும். அவளுக்கு விரல் இருந்தது, ரேகையும் இருந்தது, படல் ஒழுங்காகத் திறந்தது. பேசாமல் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்துப் புதரில் தங்கபுஷ்பம் என்ற மான் குடியிருந்தாள். ஒரு நாள் காலையில் தங்கபுஷ்பத்தின் குட்டி, பனி உலர்ந்துபோன பாறையை நக்கிக்கொண்டிருந்ததைக் கோமளவல்லி பார்த்துவிட்டாள்.

"பால் வத்திப்போச்சுக்கா," என்றாள் தங்கபுஷ்பம்.

கோமளவல்லி நேரே கவுன்டருக்குப் போய் முள்ளைச் சிலுப்பினாள். உடும்பு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது. அங்கிருந்தே, "என்னைக் குத்தலாம்மா, விதியைக் குத்த முடியாது," என்றது.

அந்த வாரம்தான் வடக்குக் காட்டிலிருந்து ஆமை அடைக்கலசாமி வந்து சேர்ந்தார். அசையாதோர் கூட்டமைப்பு என்ற இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர். ஏழு மாதத்துக்கு முன்பு வேறொரு போராட்டத்துக்காகக் கிளம்பியவர். வந்து சேர்வதற்குள் அது வெற்றி பெற்று முடிந்துவிட்டதால், இதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கொம்பு கூடாது, குளம்பு கூடாது, பல் கூடாது," என்றார். "வாசல்ல போய் உட்காருவோம். அடிச்சாலும் அசைய மாட்டோம். வெட்கப்பட்டு அவங்களே திறப்பாங்க."

"அடிச்சா வலிக்காதா ஐயா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"எனக்கு வலிக்காது," என்றார் ஆமை.

புங்க மரத்தடியில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. ஒரு மந்தி காவலராக நடித்து ஒவ்வொருவரையும் திட்டும். பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோமளவல்லியைப் பார்த்து, "ஏய் பெருச்சாளி!" என்றது. அடுத்த நொடி மந்தி உச்சாணிக் கிளையில் இருந்தது.

"முள்ளு எழுந்தா நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் ஆமை.

இரண்டாம் நாளும் எழுந்தது. மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாறையையும் அந்தச் சின்ன நாக்கையும் மட்டும் நினைத்தாள். மந்தி அவளுடைய ஏழு தலைமுறையையும் பெருச்சாளி என்றது. முள் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலை அடைத்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். உச்சிவெயிலில் செந்நாய்க் காவலர்கள் ஆறு பேர் வந்தார்கள். மான்களைக் காதைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தங்கபுஷ்பத்தைப் புதரில் எறிந்தார்கள். ஆமையைச் சரிவில் உருட்டிவிட்டார்கள், "அடித்தாலும் அசையோம்!" என்ற முழக்கம் உருண்டுகொண்டே போய்ப் பள்ளத்தில் நின்றது.

மிச்சம் இருந்தது கோமளவல்லி.

"எழுந்திரும்மா," என்றார் ஏட்டு செந்நாய்.

"மாட்டேங்கய்யா."

"தூக்கிருவோம்."

"தூக்குங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு முள்ளைக்கூட எழுப்பவில்லை. அவர்கள்தான் ஆறு பேரும் சேர்ந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள்.

அந்த அலறல் மூன்று மலை தாண்டிக் கேட்டது என்கிறார்கள்.

சாயங்காலம் இரண்டாவது படை வந்தது. வந்தவர்கள் தரையில் சிதறிக் கிடந்த தொப்பிகளைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். "நாங்க பேச்சுவார்த்தைக்கு வந்தோம்," என்றார்கள்.

மறுநாள் கருவியும் போனது, வேலியும் போனது. குட்டி, தாய் குடிப்பதைப் பார்த்துத் தானும் மூக்கை முழுசாகத் தண்ணீரில் முக்கித் தும்மியது. காடே கும்மாளம் போட்டது. கோமளவல்லி மட்டும் ஒரு விளாம்பழத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏட்டு நெஞ்சு நிறையக் கட்டுடன் மல்லாந்து கிடந்தார்.

"மன்னிச்சுக்குங்கய்யா."

"நீ ஒண்ணும் செய்யலையேம்மா. நானா வந்துதானே கட்டிப்பிடிச்சேன்."

கோமளவல்லி பழத்தை நீட்டினாள். "எங்கம்மாகூட என்னைக் கட்டிப்பிடிச்சதில்லைங்க," என்றாள்.

ஏட்டு பழத்தை வாங்கிக்கொண்டார்.

மைனாக்கள் சேதியைப் பரப்பின. இரண்டே மழைக்காலத்தில் கூட்டமைப்புக்குப் பதினோரு காடுகளில் கிளை வந்துவிட்டது. நாரைகள் வந்து ஆராய்ச்சி செய்து, மடு வாசல் வெற்றியில் மனசாட்சியின் பங்கு பற்றி முந்நூறு பக்கம் எழுதின. அதில் முள் என்ற சொல்லே கிடையாது. ஆனால் கிளைகளிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: "தோழமை வணக்கம். எங்களிடம் மனசாட்சி போதுமான அளவு உள்ளது. முள்ளம்பன்றி இரண்டு தேவை."

கோமளவல்லி காடு காடாகப் போய் உட்கார்ந்தாள். அவள் உட்காருவதற்குள்ளேயே கோரிக்கைகள் நிறைவேறின.

"ஐயா, அவங்க மனசு மாறல, பயப்படுறாங்க," என்றாள் ஆமையிடம். "இது அகிம்சைதானா?"

ஆமை யோசிப்பதற்காகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வெளியே நீட்டி, "கமிட்டி போட்டிருக்கோம்," என்றார்.

ஒரு நாள் உறுப்பினர் படிவம் வாங்கும் வரிசையில் புலி ராஜா நின்றார். அவருடைய கிழக்கு மலையை ஒரு சிங்கம் பிடித்துக்கொண்டதாம்.

"முன்னாடி மாதிரின்னா ஒரே அறைதான்," என்றார். "இப்போ பல்லு ரெண்டு விழுந்துருச்சு. அதான் அறவழிக்கு வந்துட்டேன். அம்மா முன்னாடி உட்காருவீங்கல்ல?"

கோமளவல்லிக்கு முதுகு குறுகுறுத்தது. அடக்கிக்கொண்டாள். "மலையில வேற யாரு இருக்கா?"

"முயல் இருக்கு, மான் இருக்கு. எல்லாம் சாப்பாட்டுக்குத்தான்."

"அப்ப வர்றேன்," என்றாள்.

அவள் போய் மலையடிவாரத்தில் புலிக்கு முன்னால் உட்கார்ந்தபோது, எதிர்ப்பக்கம், புலியைத் தடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சிங்கத்துக்கு முன்னால் இன்னொரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தான். பார்த்தால் அவளுடைய சித்தி மகன் வேலாயுதம். தெற்குக் கிளையில் பயிற்சி முடித்தவன்.

மலைக்கு இருந்தது ஒரே பாதை. அதை இருவரும் அடைத்துக்கொண்டார்கள். புலியாலும் ஏற முடியவில்லை, சிங்கத்தாலும் ஏற முடியவில்லை. நாலு நாள் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, இரண்டு ராஜாக்களும் ஆளுக்கொரு திசையில் இரை தேடிப் போய்விட்டார்கள்.

"அவங்க போயிட்டாங்கக்கா," என்றான் வேலாயுதம். "எந்திரிச்சுடலாமா?"

மேலே ஏதோ ஒரு முயல் குடும்பம் சத்தம் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கோமளவல்லி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன அவசரம், இரு," என்றாள்.

நீதி: எதிரியின் மனசாட்சியை முழுமையாக நம்பி அறவழியில் போராடுக, முன்வரிசையில் இருப்பவரைத் தொட்டால் குத்துமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்க.